ஆணி அடிக்காத படகு

கம்பம் பள்ளத்தாக்கில் உட்கார்ந்துகொண்டு படகைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். கடலைப் பார்க்க நாம் இராமேஸ்வரமோ கன்னியாகுமரியோ போக வேண்டும். ஆனால் தண்ணீர் பார்க்காத ஊரல்ல நம்முடையது. மேலே 1895ல் கட்டி முடித்த பெரியாறு அணையும் தேக்கடி ஏரியும் இருக்கின்றன. கீழே 1959ல் காமராசர் திறந்து வைத்த வைகை அணை. நடுவே ஆறும் வாய்க்காலும் கண்மாய்களும். வைகையில் 71 அடி நிரம்பிவிட்டது என்று செய்தி வந்தால் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தானே நாம்?

அந்த அணையில் மீன் பிடிக்கிறவர்கள் பரிசலில் போவார்கள். மூங்கிலைப் பிளந்து கூடை மாதிரி முடைந்து, அடியில் ஒரு விரிப்பைப் போர்த்தி, தார் பூசிவிட்டால் பரிசல். முன்காலத்தில் விரிப்புக்குப் பதில் தோல். வீட்டு முற்றத்தில் கட்டி, தலையில் கவிழ்த்துக்கொண்டு கரைக்குப் போய்விடலாம். அதில் ஒரு ஆணி கூடக் கிடையாது.

பலகையால் கட்டும் படகு வேறு சங்கதி. அதற்கு இந்தப் பக்கம் பரம்பரை இல்லை. பெரியாறு அணை வேலையில் ஆற்றைத் தடுத்து நிறுத்தத் தற்காலிகத் தடுப்புகள் கட்ட வேண்டியிருந்தது. அதற்குக் கொச்சியிலிருந்து போர்த்துகீசியத் தச்சர்களை வரவழைத்தார்கள் என்று அந்த அணையின் வரலாற்றில் படித்திருக்கிறேன். வீட்டுக்கும் வண்டிக்கும் மரம் இழைக்க இங்கே ஆட்கள் இருந்திருப்பார்கள். தண்ணீருக்குள் நிற்கும் மரவேலைக்குக் கடற்கரைக் கை வேண்டியிருந்தது போலும். படகுப் பலகை இடுக்கில் நாரைத் திணித்து அடைப்பதைக் கலப்பத்து என்று நம் கடற்கரையில் சொல்வார்களே, அந்தச் சொல்லே போர்த்துகீசியம்தான்.

இப்போது இதை எழுதக் காரணம் என் மகள் வயிற்றுப் பேரன். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சின்னதாக ஒரு மரப்படகை வீட்டிலேயே கட்டுவது என்று போன கோடை விடுமுறையில் முடிவு செய்துவிட்டான். எட்டு அடி நீளம், இரண்டு பேர் உட்காரலாம், முன்புறம் கூராக இல்லாமல் சதுரமாக வெட்டிவிட்ட மாதிரி இருக்கும். எங்கிருந்தோ வரைபடமும் செய்முறையும் பிடித்துவிட்டான். ஆனால் எல்லாம் பிரெஞ்சில் இருந்தது.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் இந்த மண்ணுக்கு மருமகன்தான். பிறந்தது புதுச்சேரி, பள்ளிப் படிப்பு முழுதும் பிரெஞ்சு வழியில். பிறகு அங்கேயே அரசாங்கத்தில் எழுத்தர் வேலை, ஓய்வுக்குப் பின் மனைவியின் ஊர்ப் பக்கம் வந்தாயிற்று. எழுபது வயதுக்கு மேல் அந்த பிரெஞ்சுக்கு இப்படி ஒரு உபயோகம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பேரன் முதலில் கைப்பேசியின் மொழிபெயர்ப்பை நம்பிப் பார்த்திருக்கிறான். "தாத்தா, படகுக்குள்ள மூணு தம்பதிகளை நிக்க வைக்கணும்னு போட்டிருக்கு, பின்னாடி ஒரு ஓவியம் மாட்டணுமாம்" என்று வந்து நின்றான். பிரெஞ்சில் 'கூப்ள்' என்றால் கணவன் மனைவி ஜோடி என்று பொருள். படகுக்காரன் சொன்னால் வங்கு, அதாவது படகின் விலா எலும்பு. 'தப்லோ' என்றால் ஓவியம்தான், பள்ளிக்கூடத்துக் கரும்பலகையும்தான். படகில் அது பின்பக்கத்தை மூடும் பலகை.

நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்துச் சொல்ல உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே ஒரு சொல் என்னை நிறுத்தியது. இந்தப் படகைக் கட்டும் முறைக்கு 'கூஸு-கொல்லே' என்று பெயர். தைத்து ஒட்டியது என்று அர்த்தம். பலகைகளை அளவாக வெட்டி, ஓரத்தில் துளை போட்டு, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்து நிறுத்துவது. பிறகு உள்பக்க மூலைகளில் பசையும் மரத்தூளும் குழைத்து அப்பி, மேலே கண்ணாடி நார்ப் பட்டை ஒட்டுவது. ஆணி அடிக்கிற வேலை இல்லை.

இது ஐரோப்பியர் கண்டுபிடித்த புது வித்தை என்று பேரன் சொன்னான். தைத்த படகைப் பார்த்து வளர்ந்தவன் நான். என்னிடம் போய் அப்படிச் சொல்லலாமா?

புதுச்சேரிக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். கடலுக்குள் நீண்டிருந்த பழைய இரும்புப் பாலத்தை 1952 புயல் கொண்டுபோய்விட்டது. புதுப் பாலம் 1960களின் தொடக்கத்தில்தான் வந்தது. இடைப்பட்ட அந்தக் காலத்தில்தான் எனக்கு விவரம் தெரிய ஆரம்பித்தது. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கு ஏற்றி இறக்கியது படகுகள்தான். பிரெஞ்சுக்காரர்கள் அவற்றை 'ஷெலாங்' என்பார்கள். அது நம் சலங்கு. ஆங்கிலேயர் சென்னையில் மசூலா படகு என்று எழுதியதும் இதே இனம்.

அதன் கட்டுமானத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அடி தட்டை, பக்கம் உயரம், உள்ளே வங்கு கிடையாது. மாம்பலகைகளை ஓரத்தோடு ஓரம் வைத்து, சில அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு, இடுக்கின் மேல் வைக்கோலோ நாரோ திரித்து வைத்து, தென்னங்கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் இழுத்துத் தைத்துவிடுவார்கள். தண்ணீர் கசியும். அதை இறைக்கவே ஒரு ஆள் உள்ளே இருப்பான். கசிகிற படகு என்ன படகு என்று தோன்றும். ஆனால் நம் சோழமண்டலக் கரையில் அலை மூன்று வரிசையாக உடையும். ஆணி அடித்து இறுக்கிய படகு அந்த அலையில் மணலில் மோதினால் பலகை பிளந்துவிடும். தைத்த படகு மோதினால் நெளியும். கூடைக்கு விழுந்தாலும் ஒன்றும் ஆவதில்லை, மண்பானை உடைந்துபோகிறது, அது போலத்தான். சென்னையில் துறைமுகம் கட்டும் வரை, சீமையிலிருந்து வந்த கவர்னர் ஆனாலும் கடைசி அரை மைலை இந்தக் கயிற்றுத் தையலை நம்பித்தான் கடந்தார். யாராவது தண்ணீரில் விழுந்தால் தூக்குவதற்குக் கட்டுமரக்காரர்கள் கூடவே வருவார்கள்.

இதன் பழமை எவ்வளவு என்று கேட்டால், கிறிஸ்து பிறந்து முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்பு நம் கரையிலிருந்த படகுகளைப் பேசுகிறது. பெரிய மரங்களைச் சேர்த்துக் கட்டிய கலங்களுக்குச் 'சங்கரா' என்று பெயர் கொடுக்கிறது. அதில் வரும் பொதுகே என்ற துறை எங்கள் அரிக்கமேடுதான் என்பது அறிஞர்களின் முடிவு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்கோ போலோ ஓர்முஸ் துறையில் தைத்த கப்பல்களைப் பார்த்துவிட்டு, இதில் ஏறுவது ஆபத்து என்று முகம் சுளித்தார். அடுத்த நூற்றாண்டில் வந்த இபன் பதூதாவுக்கு விஷயம் புரிந்திருந்தது. இந்தக் கடலில் பாறை அதிகம், ஆணிக் கப்பல் மோதினால் உடையும், கயிற்றால் தைத்தது கொஞ்சம் இளகிக் கொடுக்கும் என்று எழுதி வைத்தார். எனக்கு இந்த விஷயத்தில் பதூதா பக்கம்தான்.

நம் படகுகளை அலட்சியம் செய்யாமல் அளந்து வரைந்த வெள்ளைக்காரர் ஒருவர் உண்டு. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, பெயர் ஃபிரான்சுவா எத்மோன் பாரி. 1829ல் 'ஃபவோரித்' என்ற கப்பலில் உலகைச் சுற்றக் கிளம்பியவர், போன இடமெல்லாம் அந்தந்த ஊர்ப் படகை அடிக்கோல் வைத்து அளந்து படம் போட்டார். புதுச்சேரி, சென்னைக் கரையின் சலங்கும் கட்டுமரமும் அதில் உண்டு. 1840களின் தொடக்கத்தில் பெரிய புத்தகமாக வந்தது. வேலையில் இருந்தபோது ஒரு நூலகத்தில் அதன் பிரதிப் படங்களைப் பார்த்திருக்கிறேன். எந்தப் பலகை எவ்வளவு அகலம், தையல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பது வரை இருந்தது. இன்னொரு உலகப் பயணத்தில் பரங்கிப்பேட்டை இரும்பு ஆலையைப் பார்க்கப் போனவர், இயந்திரப் பல்சக்கரத்தில் சிக்கி இடது கையை இழந்தார். அப்படியும் வரைவதை விடவில்லை. 1871 முதல் 1893ல் இறக்கும் வரை பாரிஸ் கடல் அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்து, தம் படங்களிலிருந்து மாதிரிப் படகுகள் செய்ய வைத்தார். நம் தச்சர்கள் காகிதத்தில் வரைந்தவர்கள் அல்ல. அப்பன் கையைப் பார்த்துப் பிள்ளை கற்றான். பிள்ளை வேறு வேலைக்குப் போனதும் அந்த அறிவும் போயிற்று. இன்று பழைய சலங்கை அளவோடு தெரிந்துகொள்ள நாம் ஒரு கை இழந்த பிரெஞ்சுக்காரரிடம் போக வேண்டியிருக்கிறது.

பேரன் சொன்னதிலும் பாதி நியாயம் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐரோப்பாவில் பணம் இல்லாத காலத்தில்தான், வீட்டிலேயே படகு கட்டும் ஆசை சாதாரண மக்களிடம் பரவியது. போரில் வளர்ந்த ஒட்டுப்பலகைத் தொழிலும் தண்ணீரில் விடாத பசையும் அதற்குக் கைகொடுத்தன. பிரான்சில் 1951ல் எர்புலோ என்பவர் ஒரு படகு வரைந்தார். இரண்டு சைக்கிள் விலைக்குள் படகு முடிய வேண்டும் என்பது அவருக்குச் சொல்லப்பட்ட கணக்கு. அந்தப் படகின் பெயர் 'வோரியேன்'. நம்மூர்த் தமிழில் சொன்னால் உதவாக்கரை. பெயரைக் கேட்டு என் மனைவி, பேரன் கட்டப்போகும் படகுக்கும் அதையே வைத்துவிடலாம் என்றாள். இங்கிலாந்தில் 1962ல், தொலைக்காட்சியில் வீட்டு மரவேலை சொல்லிக் கொடுத்த பாரி பக்னெல் என்பவரும் படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும் சேர்ந்து 'மிரர்' படகைச் செய்தார்கள். டெய்லி மிரர் பத்திரிகை அதை 63 பவுண்டு 11 ஷில்லிங்குக்கு விற்றது. பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, நார்ப் பட்டை ஒட்டுவதுதான் அதன் முறை. எழுபதாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டன. பெரும்பாலும் வண்டி நிறுத்தும் கொட்டகையிலும் பின்கட்டிலும் சாதாரண ஆட்கள் கட்டியவை. அவர்கள் நம்மைப் பார்த்துக் கற்றார்கள் என்று நான் வாதாட வரவில்லை. தையல் என்ற யோசனை, அங்கே கம்பியாகத் திரும்பி வந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

அது நம் கரைக்கு வந்த கதையும் இருக்கிறது. அங்கே பொழுதுபோக்கு அல்ல, வயிற்றுப்பாடு. கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையில் 1970களில் இரண்டு நெருக்கடிகள் சேர்ந்து வந்தன. ஒன்று, விசைப்படகுகள் பெருகிக் கரையோர மீனை வாரிக்கொண்டு போனது. இன்னொன்று மரம். கட்டுமரத்துக்கு எடை குறைந்த பருத்த மரம் வேண்டும். குடைந்து செய்யும் வள்ளத்துக்கு ஆளுயரச் சுற்றளவுள்ள மாவோ ஆஞ்சிலியோ வேண்டும். மலையில் அப்படிப்பட்ட மரம் அருகி, விலை ஏறிக்கொண்டே போயிற்று. நமக்கு மேலே இருக்கும் இதே மேற்குத் தொடர்ச்சி மலையில் மரம் குறைந்தது, அங்கே கடலோரத்தில் ஒருவன் தொழிலைக் கேள்விக்குறியாக்கிவிட்டது.

அப்போது பியர் ஜில்லே என்ற பெல்ஜியக்காரர் ஒருவர் முட்டத்தில் உள்ளூர் இளைஞர்களையும் தச்சர்களையும் சேர்த்துக்கொண்டு, கடலுக்கான ஒட்டுப்பலகையைத் தைத்து ஒட்டிப் படகு கட்டிப் பார்த்தார். 1980களின் தொடக்கம் அது. காகிதத்தில் அழகாக இருந்த வடிவங்களை மீனவர்கள் கடலில் ஓட்டிப் பார்த்துவிட்டு, இது எங்கள் அலைக்கு ஆகாது என்று திருப்பியிருக்கிறார்கள். மாற்றி, மறுபடி மாற்றித்தான் ஏற்ற வடிவம் கிடைத்தது. அந்த அனுபவத்தை 1985ல் ஒரு புத்தகமாக எழுதினார். அதன் பெயருக்குப் 'சிறியதே கடினம்' என்று பொருள். 'சிறியதே அழகு' என்ற ஷூமாக்கரின் புத்தகம் உலகெங்கும் பேசப்பட்ட காலம். அதைக் கிண்டல் செய்கிற தலைப்பு. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அந்த முறையைத் தொடர்ந்து தன் படகுக் கூடங்களில் நடத்தியது. பெரிய மரம் இல்லாமலே படகு கட்டலாம் என்றான பிறகு, சொந்தப் படகு வைத்திருந்தவன் அடுத்தவன் விசைப்படகுக்குக் கூலியாளாகப் போகாமல் தப்பிக்க ஒரு வழி கிடைத்தது. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்த கண்ணாடியிழைப் படகுகள் கரையெல்லாம் நிறைந்து மரத்தை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டன.

கயிற்றுத் தையல் அடியோடு அழிந்துவிடவில்லை. நம்மில் பலர் ஆலப்புழை போய்ப் படகுவீட்டில் ஏறியிருக்கிறோம். அதன் மூதாதையான கெட்டுவள்ளம் ஆஞ்சிலிப் பலகையைக் கயிற்றால் கட்டியதுதான், நெல் ஏற்றிய படகு. 1980ல் டிம் செவெரின் என்ற ஆங்கிலேயர், சிந்துபாத் கதையில் வரும் கப்பலைப் போல ஒன்றை ஓமனில் கட்டி, மஸ்கட்டிலிருந்து சீனா வரை எட்டு மாதத்தில் போய்ச் சேர்ந்தார். அதற்கு மரம் கேரளத்திலிருந்து போயிற்று. கயிறும் தைக்கும் ஆட்களும் இலட்சத்தீவிலிருந்து. நம் கடற்படையும் இப்போது அஜந்தா ஓவியம் ஒன்றைப் பார்த்துத் தைத்த கப்பல் கட்டியிருக்கிறது. பாபு சங்கரன் என்ற கேரளத் தச்சரின் தலைமையில் வேலை நடந்தது. 'கௌண்டின்யா' என்று பெயரிட்டு 2025 மே மாதம் கார்வாரில் சேர்த்துக்கொண்டார்கள். இந்த வேலைகளில் கப்பல் கட்டும் காலத்துக்கு முன்னால் ஒரு நீண்ட ஏற்பாட்டுக் காலம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். கயிறு என்றால் கடையில் போய் வாங்குவது இல்லை. மட்டையை உவர்நீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, அடித்து நாரெடுத்து, கையால் திரித்தால்தான் தண்ணீரில் நிற்கும்.

நிற்க. எங்கள் வீட்டுப் படகுக்கு வருகிறேன். இதில் என் மகளுக்குச் சம்மதம் இல்லை. "அப்பா, தேக்கடியில நடந்தது மறந்துபோச்சா உங்களுக்கு?" என்றாள். யாருக்கு மறக்கும்? 2009 செப்டம்பர் 30 மாலை, 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு தேக்கடி ஏரியில் கவிழ்ந்து 45 பேர் போனார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள் என்று அப்போது சொன்னார்கள். நான் மகளிடம் விவாதம் செய்யவில்லை. மாறாக, பேரனிடம் ஒரு நிபந்தனை போட்டேன். கணக்கும் மாதிரியும் முடித்துக் காட்டி, அம்மா தலையசைத்த பிறகுதான் பலகை வாங்க வேண்டும்.

கணக்கு எளிதுதான், எழுத்தர் வேலை பார்த்தவனுக்குப் பிடித்த கணக்கு. எங்கள் படகின் அடிப்பலகை தண்ணீரில் படும் பரப்பு ஏறக்குறைய 7 அடிக்கு 3 அடி, 21 சதுர அடி. படகு ஒரு அங்குலம் அமிழ்ந்தால் அது ஒதுக்கும் தண்ணீர் ஒன்றேமுக்கால் கன அடி, அதாவது சுமார் 50 லிட்டர், 50 கிலோ. ஆகவே ஒவ்வொரு 50 கிலோவுக்கும் ஒரு அங்குலம் இறங்கும். ஆறு மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை, எட்டுக்கு நாலு ஒன்று சுமார் 11 கிலோ. மூன்று பலகை, பசை, சட்டம் எல்லாம் சேர்த்து 45 கிலோ என்று வைத்துக்கொண்டோம். இரண்டு ஆள் 130 கிலோ. மொத்தம் 175 கிலோவுக்கு மூன்றரை அங்குலம் அமிழும். பக்கப் பலகையின் உயரம் 15 அங்குலம் என்பதால் மேலே பதினொன்று அங்குலத்துக்கு மேல் மிஞ்சும். இது அமிழும் கணக்கு. கவிழும் கணக்கு வேறு. எடை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதில் அது அடங்கியிருக்கிறது. அதே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் பயமில்லை, எழுந்து நின்று ஒரே பக்கம் எட்டிப் பார்த்தால் எட்டடிப் படகு தாங்காது. இதை மகளை உட்கார வைத்துப் பேரனே விளக்கினான். எனக்கு விளக்கியதை விட நன்றாகவே விளக்கினான்.

மாதிரிக்குப் பழைய கோப்பு அட்டைகளை எடுத்துக் கொடுத்தேன். அடிக்கு ஒரு அங்குலம் என்ற அளவில் ஒவ்வொரு பலகையையும் வரைந்து வெட்டினான். தைக்க, கோப்பு கட்டும் நாடாவின் நூல். தட்டையான அட்டைகள் தையலை இழுக்க இழுக்கத் தாமாக வளைந்து படகு வடிவத்துக்கு வருவதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்ப முடியும். பலகைகளின் வளைவு ஓரங்கள்தான் படகின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. உள்ளே அச்சு எதுவும் வேண்டாம். ஆனால் மாதிரியில் அரைக்கால் அங்குல இடைவெளி விழுந்தால் நிஜப் படகில் ஒன்றரை அங்குலம். முதல் மாதிரியில் அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், அப்படி ஒரு வாய் பிளந்திருந்தது. மூன்றாவது மாதிரியில் சரியாயிற்று.

பலகை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கடைகளில் தண்ணீர் தாங்கும் பலகை என்று எதை வேண்டுமானாலும் காட்டுவார்கள். கடலுக்கான ஒட்டுப்பலகைக்கு இந்திய தர எண் ஐஎஸ் 710. அந்த முத்திரை பலகையிலேயே இருக்க வேண்டும், ரசீதில் இருந்தால் போதாது. தரச் சோதனையில் அதை 72 மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். நாங்கள் ஒரு துண்டு வாங்கி வந்து, அடுக்களையில் பழைய பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்து, காய வைத்து, மறுபடி கொதிக்க வைத்தோம். என்ன குழம்பு என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். அடுக்கு விடவில்லை.

மேல் விளிம்புச் சட்டத்துக்கும் இருக்கைக்கும் கட்டை மரம் வேண்டும். எங்கள் தெருவில் வயதான ஆசாரி ஒருவர் இருக்கிறார். "வண்டி செஞ்சிருக்கேன், தேர்ச் சக்கரம் பாத்திருக்கேன், ஓடம் செஞ்சதில்லீங்க சார்" என்றார். ஆனால் மரத்தைப் பற்றி அவர் சொன்னது எந்தப் புத்தகத்திலும் குறையாது. தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் மலிவு, லேசு, தண்ணீருக்கு ஆகாது, சீக்கிரம் உளுத்துவிடும் என்றார். தேக்கோ வேங்கையோ எடுங்கள் என்றார். வாங்கிய தேக்குச் சட்டத்தை நிழலில் குறுக்குக் கட்டை வைத்துக் காற்றாட அடுக்கச் சொன்னார். அதில் ஒரு துண்டை வாரம் ஒரு முறை பேரன் மளிகைக் கடைத் தராசில் நிறுத்து எழுதி வருகிறான். எடை குறைவது நின்றால் மரம் காய்ந்துவிட்டது என்று பொருள். ஏழாவது வாரத்திலும் குறைந்துகொண்டுதான் இருக்கிறது.

உயிர் காக்கும் அங்கி இல்லாமல் அந்தப் படகில் யாரும் ஏறக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். இதிலும் நம் ஊர்ச் சரித்திரம் ஒன்று உண்டு. ரப்பர் நுரை வருவதற்கு முன், இரண்டாம் உலகப் போர் வரை, கப்பல்களில் மாலுமிகள் மாட்டிய அங்கிகளுக்குள் அடைத்தது இலவம்பஞ்சுதான். போடியில் மெத்தைக்கு அடைக்கிறோமே, அதே பஞ்சு. உள்ளே குழல் போல வெற்றாக இருக்கும் இழை, மேலே மெழுகு. அதனால் தண்ணீர் உடனே ஏறாது, தன் எடையைப் போலப் பல மடங்கைத் தாங்கும். அதற்காக யாரும் தலையணையைக் கட்டிக்கொண்டு அணையில் இறங்கிவிட வேண்டாம். எண்ணெய் பட்டாலோ உறை கிழிந்தாலோ அது கைவிட்டுவிடும். தர முத்திரையுள்ள புது அங்கி இரண்டு வாங்கியாயிற்று.

வைகை நீர்த்தேக்கத்தில் நினைத்தபடி படகு இறக்க முடியாது, அனுமதி வேண்டும். அதற்கான மனுவை நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அந்த வேலை எனக்கு மறந்துவிடவில்லை. கிடைக்காவிட்டால் சொந்தக்காரர் தோட்டத்தில் பெரிய பண்ணைக்குட்டை இருக்கிறது. வாசல் கேட்டின் அகலத்தையும் அளந்து பார்த்தோம், நாலடி மூன்று அங்குலம். படகின் அகலம் நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. மாடியில் கட்டலாம் என்று பேரன் முதலில் நினைத்தது அந்த அளவோடு கைவிடப்பட்டது. மாடிப்படி இரண்டடி எட்டு அங்குலம்தான்.

மகள் போன வாரம் மூன்றாவது மாதிரியைக் குளியலறை வாளியில் மிதக்க விட்டு, நடுவில் ஊறுகாய் பாட்டில் மூடி நிறையக் கல் வைத்துப் பார்த்தாள். பிறகு கல்லை ஒரு பக்கமாக நகர்த்திப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த நாள் பலகைக்கான பணத்தை அவளே எடுத்து வைத்தாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பசை சரியாக இறுகாது என்பதால் பலகை தை மாதத்தில்தான். தையலுக்கான செப்புக் கம்பியை மட்டும் மோட்டார் சுற்றும் கடையில் அரை கிலோ வாங்கி வைத்திருக்கிறோம்.